நாய்க்கு வாந்தியா? கேஸ் மாத்திரையைத் தேடாதீர்கள்!

காவிரி டெல்டாவில் ஒரு கிராமத்தில் சம்பா நெற்பயிர்ப் பயிற்சிக் கூட்டம் முடிந்து புறப்படும் நேரம். நடுத்தர வயது விவசாயி ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். நெல்லைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நின்றேன்.

"ஐயா, நாய்க்கு கேஸ் மாத்திரை எத்தனை நாள் கொடுக்கலாம்?" என்று கேட்டார்.

விசாரித்தேன். களத்துக் காவலுக்கு அவர் வளர்த்து வந்த நாட்டு நாய் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு நொண்டியது. மருந்துக் கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கிக் காலை, மாலை சோற்றில் வைத்துக் கொடுத்திருக்கிறார். நொண்டல் குறைந்தது. ஐந்தாம் நாள் வாந்தி தொடங்கியது. மறுபடி அதே கடைக்குப் போனார். "வயிற்றில் அல்சர் இருக்கும், இதையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி சற்றுக் குறைந்தது. குணமாகிவிட்டது என்று எண்ணி, இரண்டு மாத்திரையையும் பத்து நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டார்.

"மலம் எப்படிப் போகிறது?" என்று கேட்டேன்.

"கீல் மாதிரி கறுப்பாகப் போகிறது ஐயா. எதையோ தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன்."

நான் கால்நடை மருத்துவன் அல்லன், பயிர் விஞ்ஞானி. ஆனாலும் கீல் போன்ற கறுப்பு மலம் என்றால் உள்ளே இரத்தம் கசிகிறது என்பது எனக்குத் தெரியும். அன்று மாலையே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போகச் சொன்னேன். அவரும் கொண்டு போனார். இரண்டு நாளில் நாய் இறந்துவிட்டது. வயிறு ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தது என்று டாக்டர் சொன்னதாகப் பின்னர் அறிந்தேன்.

அந்த விவசாயி கஞ்சர் அல்லர்; கவனமில்லாதவரும் அல்லர். பிராணியிடம் அன்பு இருந்ததால்தான் இருமுறை கடைக்கு நடந்தார். அவருக்குச் சொல்ல வேண்டியதை நாங்கள் யாரும் சொல்லவில்லை என்பதே குறை. அதனால்தான் பயிர்களைப் பற்றி எழுத வேண்டிய இந்தப் பக்கத்தில் இன்று நாயையும் பூனையையும் பற்றி எழுதுகிறேன்.

மஞ்சள் இலையும் வாந்தியும்

நெற்பயிரில் இலை மஞ்சளாகிறது. உடனே யூரியா போடலாமா? தழைச்சத்துக் குறையாலும் மஞ்சளாகும். துத்தநாகக் குறையாலும் ஆகும். நீர் வடியாமல் வேர் கெட்டாலும் ஆகும். துங்ரோ நோய் தாக்கினாலும் ஆகும். காரணம் தெரியாமல் யூரியா போட்டால் பணமும் போகும், பயிரும் போகும். இதை நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம், நீங்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

நாயின் வாந்தியும் அந்த மஞ்சள் இலையைப் போன்றதுதான். வாந்தி ஒரு நோயன்று, நோயின் அடையாளம். கெட்ட தீனி, குடற்புழு, குட்டிகளைத் தாக்கும் பார்வோ நோய், உண்ணிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, தொண்டையிலோ குடலிலோ சிக்கிய எலும்பு, எலி மருந்து, வலி மாத்திரை என்று பத்துக் காரணங்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை அமிலத்தால் வந்தவை அல்ல. அமிலத்தைக் குறைத்தால் அவை தீரவும் மாட்டா.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை நல்ல மருந்து. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்து, கால்நடை மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் அது மருந்து. கடை மேஜையில் வாய்வார்த்தையாக வாங்கினால், உள்ளே எரியும் நெருப்பின் புகையை மறைக்கும் திரையாகிவிடும்.

வயிற்று அமிலம் எதற்கு?

நாயின் இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. இறைச்சியைச் செரிக்கவும், தின்ற தீனியோடு உள்ளே போகும் கிருமிகளைக் கொல்லவும் இது தேவை. கண்டதையும் முகர்ந்து தின்னும் நாய்க்கு இந்த அமிலம் ஒரு காவல்காரன்.

அப்படியானால் அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதா? இரைப்பையின் உட்புறத்தில் வழவழப்பான சளிப்படலம் ஒன்று உண்டு. வாய்க்காலுக்குக் கரை எப்படியோ, அப்படி இந்தப் படலம். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் சுரந்து இந்தக் கரையைக் காத்து வருகிறது.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுக்கின்றன. வலி குறைகிறது; கூடவே கரையும் உடைகிறது. அமிலம் சதையை அரிக்கிறது. புண் உண்டாகி இரத்தம் கசிகிறது. மனிதருக்கே இது நேரும். நாய்க்கு இன்னும் எளிதில் நேரும். வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்துவிட்டால் ஆபத்து பல மடங்கு.

கரையை உடைக்கும் மாத்திரையை ஒரு கையால் கொடுத்துக்கொண்டு, மறு கையால் கேஸ் மாத்திரை கொடுப்பது, மடையைத் திறந்துவிட்டு வயலில் நீர் இறைப்பது போன்றது. முதலில் மடையை அடைக்க வேண்டும். அதாவது வலி மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பூனைக்குப் பாரசிட்டமால் விஷம்

நெல் மூட்டைகளை எலியிடமிருந்து காக்கும் பூனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ச்சல் என்று பூனைக்குப் பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பு நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு இரைக்கும். எச்சில் வடிவதைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக் கேஸ் மாத்திரை கொடுத்தால், மாற்று மருந்து கொடுத்துக் காப்பாற்றக்கூடிய நேரமும் வீணாகிறது.

இன்னொன்று. நாய் ஒரு நாள் தின்னாவிட்டால் தாங்கிக்கொள்ளும். பூனை இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாமலிருந்தால் அதன் கல்லீரலில் கொழுப்பு படிந்து புதிய நோயே உண்டாகிவிடும். ஆகவே பூனையைப் பட்டினி போட்டு வைத்தியம் பார்க்காதீர்கள்.

இம்மருந்து எப்போது உதவும்?

அமிலம் குறைக்கும் மருந்துகளில் முக்கியமாக இரு வகை உண்டு. ஹிஸ்டமின் என்ற பொருள் அமிலச் சுரப்பைத் தூண்டாமல் தடுப்பவை ஒரு வகை. ரானிடிடின், ஃபாமோடிடின் இவ்வகை. அமிலத்தை வெளியேற்றும் பம்ப்பையே நிறுத்துபவை மற்றொரு வகை. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் இவ்வகை.

அமெரிக்கக் கால்நடை உள்நோய் மருத்துவ வல்லுநர்களின் அமைப்பு, நாய் பூனைகளுக்கு இம்மருந்துகளை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் சாரத்தை நம் விவசாயிகளும் அறிந்திருப்பது நல்லது.

இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் இருந்தால் ஒமெப்ரசோல் வகை மருந்து நன்கு பயன்படும். நாளுக்கு இருமுறை கொடுக்க வேண்டும். ரானிடிடின் நாய்க்குச் சொல்லும்படியாகப் பயன்படுவதில்லை. ஃபாமோடிடினைத் தொடர்ந்து கொடுத்தால் அதன் வேகம் குறைந்துவிடும். இரு வகையையும் சேர்த்துக் கொடுப்பதால் கூடுதல் பயன் இல்லை. புண் இல்லாத சாதாரண இரைப்பை அழற்சிக்கும், கணைய அழற்சிக்கும், புண் இல்லாத சிறுநீரக, கல்லீரல் நோய்களுக்கும் இம்மருந்து உதவும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. வலி மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் "எதற்கும் இருக்கட்டும்" என்று இதையும் சேர்த்துக் கொடுப்பதையும் அந்த வல்லுநர்கள் ஏற்கவில்லை.

அதாவது, வீட்டில் நாம் எந்தச் சந்தர்ப்பங்களில் கேஸ் மாத்திரையைத் தேடுகிறோமோ, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கவனிக்க வேண்டியவை

1. ஒமெப்ரசோல் கேப்சூலின் உள்ளே இருக்கும் சிறு மணிகள் அமிலத்தில் கரையாதபடி பூச்சு பூசப்பட்டவை. அவற்றைப் பொடி செய்தால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும். பொடி செய்யக் கூடாது. சிறிய பிராணிக்கு அளவை எப்படிக் குறைப்பது என்று மருத்துவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தீனி வைப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகக் கொடுக்க வேண்டும். தீனிக்குப் பின் கொடுத்தால் பலன் குறையும்.

3. முழு வேகம் பிடிக்க இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகும். ஒரு நாள் கொடுத்துவிட்டுக் கேட்கவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள்.

4. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அடக்கி வைத்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

5. அமிலம் குறைந்தால் இரும்புச் சத்து மருந்தும், சில பூஞ்சாண நோய் மருந்துகளும் உடலில் சரியாகச் சேரா. வேறு மருந்து கொடுத்து வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

6. அளவு எடையைப் பொறுத்தது. நாட்டு நாய் 15 கிலோ இருக்கலாம். பூனை 3 கிலோ இருக்கலாம். மனிதருக்கான 40 மில்லிகிராம் மாத்திரை இரண்டுக்கும் ஒன்றுபோல் ஆகாது. அளவை இங்கே நான் எழுதாததன் காரணமும் இதுதான்.

ஆப்ப சோடாவைக் கரைத்துப் புகட்டும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. இதையும் விட்டுவிட வேண்டும். வயிற்றில் வாயு பெருகும். இரத்தத்தில் உப்புச் சத்துகளின் சமநிலை கெடும்.

எலி மருந்து தின்ற நாய்

வயலில் எலிக்கு ஜிங்க் பாஸ்பைடு வைக்கிறோம். பொரியோ கருவாடோ 49 பங்குக்கு மருந்து ஒரு பங்கு என்று கலந்து வைக்கச் சொல்வது எங்களைப் போன்றவர்கள்தாம். அந்தக் கருவாட்டு வாசனை எலியை மட்டுமா இழுக்கும்? நாயையும் பூனையையும் இழுக்கும். ஆகவே இதைச் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிப்படும். தீனி கொடுத்தால் அமிலம் மேலும் சுரக்கும், வாயுவும் கூடும். ஆகவே எலி மருந்து தின்ற நாய்க்குச் சோறோ பாலோ கொடுக்கவே கூடாது. பால் விஷத்தை முறிக்கும் என்பது தவறான நம்பிக்கை. எலி மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள். அமிலத்தைத் தணிக்கும் மருந்துக்கு இங்கே உண்மையாகவே வேலை உண்டு. ஆனால் அதை அவர்தான், மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாய் வாந்தி எடுத்தால் அதிலிருந்தும் அந்த வாயு வரும். மூடிய அறையிலோ, கண்ணாடி ஏற்றிய வண்டியிலோ அருகில் குனிந்து நிற்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வைத்திருங்கள்.

எலி மருந்து வைக்கும் நாட்களில் நாயைக் கட்டிப் போடுங்கள். பூனையை வீட்டுக்குள் அடைத்து வையுங்கள். மிச்ச மருந்தையும் செத்த எலியையும் மறுநாள் காலையே ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

எச்சில் வடிந்தால் வாயில் கை விடாதீர்கள்

நாயின் உயிரைவிட வீட்டாரின் உயிர் பெரிது. தலையைத் தொங்கவிட்டு, தாடை தளர்ந்து, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவும், வயிற்றுக் கோளாறு போலவும் தோன்றும். அது வெறிநோயாகவும் இருக்கலாம். சாதுவாக மூலையில் படுத்துக்கிடக்கும் வெறிநோயும் உண்டு. மாத்திரை புகட்டுகிறேன் என்று அதன் வாய்க்குள் கை விட்டால், கடிக்காமலேயே எச்சில் வழியாக, விரலில் உள்ள சிறு காயத்தின் மூலம் நோய் தொற்றிவிடும். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

நாய் கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்குங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி எதையும் தடவாதீர்கள்.

வாந்தியும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். அது நாயின் சிறுநீர் மூலம் மனிதருக்கும் பரவும். வெறுங்கையால் சுத்தம் செய்யாதீர்கள்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது விரைய வேண்டும்?

வளர்ந்த நாய் ஓரிரு முறை வாந்தி எடுத்துவிட்டு, பின் வழக்கம்போல் வாலாட்டி நடமாடினால் பயப்பட வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். அன்றைய தீனியாகக் குழைந்த சோற்றோடு, எலும்பும் உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சிறிது கொடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும்.

ஆனால் வாந்தியில் இரத்தமோ காப்பிப் பொடி போன்ற துகளோ தென்பட்டாலும், மலம் கீல் போல் கறுத்தாலும், ஈறு வெளுத்தாலும், குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்தாலும், வாந்தி ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

போகும்போது நாயின் வயது, தடுப்பூசி போட்ட விவரம், புழு மருந்து கொடுத்த நாள், தின்றது என்ன என்பதோடு, இதுவரை கொடுத்த மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். அந்த அட்டையே பாதி நோயைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நாங்கள் செய்ய வேண்டியது

"மாட்டுக்கென்றால் டாக்டரை அழைப்போம், நாய்க்கு யார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைவது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். மருந்தகம் தொலைவில் இருக்கிறது. மருந்துக் கடை தெருமுனையில் இருக்கிறது. விவசாயியை மட்டும் குறை சொல்வது எளிது, ஆனால் சரியன்று.

ஒமெப்ரசோலும் பான்டோபிரசோலும் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் உள்ள மருந்துகள். கடைக்காரர்கள் "இது நாய்க்கு, டாக்டரைக் கேளுங்கள்" என்று சொல்லும் துணிவைப் பெற வேண்டும். கால்நடை மருத்துவர்கள் சீட்டில் எந்த வேளை, தீனிக்கு முன்னா பின்னா, எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். கிராமங்களில் நடக்கும் கால்நடை மருத்துவ முகாம்களுக்கு ஆடு மாடுகளை ஓட்டிச் செல்லும்போது நாயையும் கயிறு கட்டி அழைத்துச் செல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் அங்கே முடிந்துவிட்டால், வாந்திக்கான காரணங்களில் சில அன்றே குறைந்துவிடும்.

எங்களைப் போன்ற விரிவாக்க விஞ்ஞானிகளுக்கும் பொறுப்பு உண்டு. எலி மருந்தைப் பற்றிச் சொல்லித் தருகிற நாங்கள், அதைத் தின்றுவிடும் காவல் நாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கூட்டத்தை முடித்துவிடுகிறோம். இனி என் பயிற்சிக் கூட்டங்களில் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குவதாக முடிவு செய்திருக்கிறேன். மற்ற நண்பர்களும் அவ்வாறே செய்ய வேண்டுகிறேன்.

ஆட்டுப்பட்டியை நரியிடமிருந்தும், கடலைக் காட்டைப் பன்றியிடமிருந்தும், நெல் மூட்டையை எலியிடமிருந்தும் காக்கும் இப்பிராணிகள் சம்பளம் கேட்பதில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் அவற்றுக்கு வாயில்லை. வாயில்லாத பிராணிக்காக நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த மாத்திரை கொடுக்கலாம்?" என்பதன்று. "எதனால் வாந்தி எடுக்கிறது?" என்பதே. அந்தக் கேள்வியைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், உழவர் பெருமக்களே!